வால் வந்தாச்சு

என் அண்ணனைப் பற்றி இந்த ஊர் இப்போது பேசுவதில் பாதி பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர், இன்னொருத்தி நான். அவர் சொல்ல மாட்டார், அது அவர் குணம். நான் சொல்லவில்லை, இது என் குணம். போதுமா?

அண்ணன் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவர். ஊருக்கு அவர் லேப்காரர். வாலிபத்தில் நெடுந்தூர ஓட்டக்காரர். பெரிய போட்டிகளில் இரண்டு தடவை மூன்றாவதாக வந்திருக்கிறார். மூன்றாவதாக வந்தவனை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் காலை நாலரை மணிக்கு எழுந்து பதினெட்டு கிலோமீட்டர் ஓடுவேன் என்று பெருமையாகச் சொன்னால் எவள் சம்மதிப்பாள்? அவருக்குக் குடும்பம் என்றால் நான், என் வீட்டுக்காரர், என் பையன். அவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவர் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணா, உப்பு கம்மியா?"

"இந்தத் தெருவுல ஒருத்தர் ரத்தம்கூட சரியில்ல பாப்பா. மருந்துக்கடைக்காரருக்கு சர்க்கரை முன்னூத்திப் பத்து. சலவைக்கடை அம்மாவுக்கு இருநூத்தி எண்பது. ஊசி வழியா ரத்தமா வருது? பாகுதான் வருது."

"அதுக்கு நீ ஏன் பட்டினி கெடக்கற?"

"நான் ரிப்போர்ட் எழுதிக் குடுக்கறேன், அவங்க மாத்திரை வாங்கிட்டுப் போறாங்க. அடுத்த வருஷம் இன்னும் ஏத்திக்கிட்டு வராங்க. இதுக்கு எதுக்கு நான்?"

மறுநாளே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிவிட்டார். முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் இவர் தொல்லை தாங்காமல் வந்தவர்கள். ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் பாதை. பம்ப் ஹவுஸில் கிளம்பி பம்ப் ஹவுஸுக்கே வந்து சேர வேண்டும். ஏழு எழுபதாயிற்று, எழுபது நூற்றைம்பதாயிற்று. பஸ் டிரைவர்கள் வந்தார்கள், நர்ஸுகள் வந்தார்கள், டீச்சர்கள் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் தன் கடை மாத்திரையையே பாதியாகக் குறைத்துக்கொண்டார். சலவைக்கடை அம்மா எழுபது வயதில் முழுச் சுற்றும் ஓடினாள். ஊரில் ஒரு பயலுக்கும் இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. என் அண்ணனுக்குத் தோன்றியது.

அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. அவர்தான் கடைசியில் வருவார். யார் எத்தனை மெதுவாக வந்தாலும் அவர்களுக்குப் பின்னால் அவர் இருப்பார். அதற்கு வால் என்று பெயர். வால் பம்ப் ஹவுஸை எட்டியதும் யாராவது ஒருவர் "வால் வந்தாச்சு!" என்று கத்துவார்கள். எல்லோரும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள் என்று அர்த்தம். உடனே தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

நோட்டு என்னிடம். நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். வருகைப் பதிவேடு எழுதி எழுதியே முடி நரைத்தவள். கிளம்புகிறபோது ஒவ்வொரு பெயருக்கும் டிக் அடிப்பேன். திரும்பி வருகிறபோது அடிக்க மாட்டேன். அண்ணன் வந்தால் கடைசியில் ஒரு கோடு போட்டு நோட்டை மூடிவிடுவேன். பத்தொன்பது வருஷம் அப்படித்தான். ஒரு நாள்கூட ஓர் ஆள் விடுபட்டதில்லை.

என் வீட்டுக்காரர் தையல்காரர். பேன்ட் வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு மேசையைத் தொட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து, ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மெதுவாக நடக்கலாம், கூட ஆள் இல்லாமல் நடக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நான்தான் அவரைத் தரதரவென்று ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கூட ஆளா? என் அண்ணன் இல்லையா?

அன்றிலிருந்து வாலுக்கு முன்னால் வருகிறவர் எப்போதும் அவர்தான். மூன்று கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிஷம். மச்சானும் மாப்பிள்ளையும் ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டு வருவார்கள். "என்ன சார், ஓட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று யாராவது கேட்டால், "நாம எங்க ஓடறோம், நகர்றோம்" என்பார். ஓட்டக்குழுவுக்கு ஆரஞ்சு நிற பனியன் அத்தனையும் அவர் தைத்ததுதான். தனக்குத் தைத்ததை மட்டும் இரண்டு தடவை பிரித்துச் சின்னதாக்கினார். அந்த இரண்டாவது தடவை அளவு நாடாவை என் கையில் கொடுத்து, "நீயே அளந்து பாரு, நான் சொன்னா நம்ப மாட்ட" என்றார். மூன்று அங்குலம் குறைந்திருந்தது. நான் அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தைச் சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை.

இருபதாவது வருஷம் தொடங்கும்போது லேப்காரரைக் கௌரவிக்க வேண்டும் என்று எல்லோரும் கிளம்பினார்கள். நகர மன்றம் அந்த ஏரிப் பாதைக்கே அவர் பெயரை வைக்கச் சம்மதித்துவிட்டது. பம்ப் ஹவுஸ் பக்கத்தில் பலகை, மேடை, கேடயம், மைக். அதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்று ஓட்டம், அண்ணன் முன்னால் ஓட வேண்டும்.

அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "நான் எப்பவும் போல பின்னாடியே வரேன். படம் எடுக்கறவன பின்னாடி வரச் சொல்லுங்க."

"பத்தொன்பது வருஷமா எங்க முதுகப் பாத்துட்டு வந்தீங்க, இன்னிக்கு நாங்க உங்க முதுகப் பாக்கறோம்" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் வீட்டுக்காரர்தான் முடித்து வைத்தார். "போங்க மச்சான், ரொம்பத்தான் பிகு பண்ணிக்காதீங்க. எனக்கு கேஷியர் இருக்காரு."

பேங்க் கேஷியர் அவருடன் கூட வருவதாக ஏற்பாடு. அண்ணன் கேஷியரைத் தனியாகக் கூப்பிட்டு நாலு தடவை சொன்னார். அதை நான் பார்த்தேன்.

அந்தக் காலை ஏரிக்கரை முழுக்க ஆரஞ்சு. நூற்று நாற்பத்தாறு பேருக்கு டிக் அடித்தேன். போட்டோகிராபர் முன்னால் மோட்டார் சைக்கிளில் திரும்பி உட்கார்ந்துகொண்டு போனான். படத்துக்காகவே மெதுவாக ஓடினார்கள், அண்ணன் பக்கத்தில் வர எல்லோருக்கும் ஆசை. என்றைக்கும் நீளமாக இழுத்துக்கொண்டு போகிற கூட்டம் அன்றைக்கு ஒரே திரளாகப் போனது. அரை மணியில் அப்படியே திரளாகத் திரும்பியும் வந்தது. அண்ணன் பம்ப் ஹவுஸைத் தொட்டதும் கூட்டத்தில் யாரோ பழக்கத்தில் கத்தினார்கள்:

"வால் வந்தாச்சு!"

ஒரே சிரிப்பு, விசில். எலுமிச்சைத் தண்ணீர் மேசையை மொய்த்துவிட்டார்கள். நான் கோடு போட்டு நோட்டை மூடினேன்.

ஆமாம். மூடினேன். என் கை தானாக மூடியது என்று சொல்லலாம், சொல்லிப் பார்த்தாயிற்று, மனசு கேட்கவில்லை. அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். லேப்காரர் வந்துவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று. வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு முட்டாள்தனம் நடக்குமா? இங்கேதான் நடக்கும், ஏனென்றால் இங்கேதான் ஒரு மனுஷர் பத்தொன்பது வருஷம் ஒரு நாள் தவறாமல் கடைசியில் வந்தார். யாருக்கும் திரும்பிப் பார்க்கிற பழக்கமே இல்லாமல் போய்விட்டது.

நகர மன்றத் தலைவி முக்கால் மணி தாமதமாக வருவார் என்று பார்த்தால், அதிசயமாகச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். அண்ணனை வியர்வையோடு மேடைக்கு இழுத்துப் போனார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். மைக்செட்காரன் ஒயரை நடுவழியில் போட்டிருந்தான். கேடயத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தால் அடிப்பலகை ஆடுகிறது. டம்ளர் பத்தவில்லை. நான் ஒருத்தி எத்தனை பக்கம் பார்ப்பேன் என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றேன்.

அப்போது அண்ணன் மேடை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"மாப்ள?"

நான் தலையை ஆட்டினேன். வந்தாச்சு, வந்தாச்சு. கையாலும் காட்டினேன், உட்காரு என்று. மனசுக்குள் எரிச்சல்தான். ஒரு நாளாவது பெரிய மனுஷனாக உட்காரக் கூடாதா, இவருக்கு எப்போதும் இதே கவலை என்று.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் உட்கார்ந்தார். அவர் முகத்திலிருந்து பாரம் இறங்கியதை நான் பார்த்தேன். அதற்கப்புறம்தான் அவர் சிரித்தார். மறுநாள் பேப்பரில் வந்த படம் அந்தச் சிரிப்புதான்.

முப்பத்தைந்து நிமிஷம் பேசினார்கள். பெரிய டாக்டர் பேசினார். தலைவி பேசினார். ஆரோக்கியம், சமுதாயம், முன்னுதாரணம். சலவைக்கடை அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இவரு இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். பலகையின் துணியை விலக்கி எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போது புல் வெட்டுகிறவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அந்தப் பக்கம் கோரைக்கிட்ட ஒருத்தர் விழுந்து கெடக்கறாரு. உங்க பனியன்தான் போட்டிருக்காரு."

அண்ணன் மேடையிலிருந்து குதித்தார். அறுபத்தோரு வயது. என் வாழ்நாளில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை, போட்டியில்கூட அப்படி ஓடியிருக்க மாட்டார். போட்டோகிராபர் வந்த மோட்டார் சைக்கிளைத் தேடிப் பிடித்து நான் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அவர் மண்டி போட்டு, இரண்டு கையையும் வைத்து என் வீட்டுக்காரர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். எண்ணிக்கொண்டே அமுக்கினார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தோளைப் பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை.

"ஒரு பத்து நிமிஷம் முன்னாடி பாத்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றார் டியூட்டி டாக்டர். நல்ல பிள்ளை, பாவம், பொய் சொல்லத் தெரியவில்லை.

கேஷியர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பாதி வழியில் என் வீட்டுக்காரரே அவரைத் துரத்திவிட்டிருக்கிறார். "நீ முன்னாடி போப்பா, படத்துல விழாமப் போயிடுவ. நான் மெதுவா நகர்ந்து வரேன்." அவர் வேறெப்படிச் சொல்லியிருப்பார்? கேஷியரை எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். நானும்தான்.

என் பையன் வெளியூரில் வேலை பார்க்கிறான். மத்தியானம் வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை ஆரஞ்சு பனியன்களுக்கு நடுவில், நேராக அண்ணன் முன்னால் போய் நின்றான்.

"அப்பாவ நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே மாமா. அப்பா வந்தாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா, இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்க்காமலே முந்திக்கொண்டார்.

"கேக்கல. மேடையில ஏறினதும் மறந்துட்டேன்பா."

என் பையன் ஏதேதோ சொன்னான். பேர் ஆசை என்றான், கேடயத்துக்காக எங்கப்பாவைக் கொன்னுட்டீங்க என்றான். இனிமேல் எங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்றான். சின்ன வயதில் அந்த மனுஷர் தோளிலேயே தூங்கி வளர்ந்தவன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். திறந்த வாயை எப்போது மூடினேன் என்று எனக்கே தெரியாது.

ஊர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. மேடை ஏறினதும் தங்கச்சி புருஷனையே மறந்தவர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் சொன்னார்கள். ஏரிக்கு வருகிறவர்கள் நாற்பதானார்கள், பிறகு பன்னிரண்டு. பின்னால் வால் இல்லாமல் ஓட எல்லோருக்கும் பயம். அண்ணனைக் கூப்பிட ஒருவருக்கும் வாய் வரவில்லை, அவராகவும் போகவில்லை. இரண்டு மாதத்தில் அதுவும் நின்றுபோனது.

ஒரு தடவை போனில் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். "நானும்தான்டா அன்னிக்கு கவனிக்கல."

"நீ என்னம்மா பண்ணுவ? மாமா பாத்துப்பாருன்னு நம்பின. நீ இதெல்லாம் மனசுல போட்டுக்காத" என்றான். அவன் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. தினமும் இரண்டு வேளை போன் பண்ணுகிறான், சாப்பிட்டாயா என்று கேட்கிறான். எனக்கு இனி அவனை விட்டால் யார் இருக்கிறார்கள்? சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன மாதம் அவன் ஒரு மனு எழுதினான். ஏரிப் பாதைக்கு வைத்த பெயரை எடுத்துவிட வேண்டும், பலகையை இறக்க வேண்டும் என்று நகர மன்றத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முதல் கையெழுத்து நீதான் போட வேண்டும் என்றான். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு லேபுக்குப் போனேன். சர்க்கரை பார்க்க வேண்டும் என்று கவுன்டரில் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வேற ஆள் இல்லையா?" என்று கேட்டாள். அண்ணனுக்கும் அது கேட்டிருக்கும்.

என் முறை வந்தது. அவர் என் கையை நீட்டி வைத்து, ரப்பர் குழாயைக் கட்டி, விரலால் நரம்பைத் தட்டினார். இளைத்துப்போயிருந்தார். ஓடி இளைத்த இளைப்பு இல்லை இது.

"மனு எழுதியிருக்கான்" என்றேன்.

"கேள்விப்பட்டேன். கைய மடக்கு."

"ஞாயித்துக்கெழம அவன்கிட்ட உண்மையச் சொல்லிடப் போறேன்."

ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ தலைய ஆட்டின பாப்பா. நான் பாத்தேன். நீ சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சு உக்காந்தேன். ராத்திரி பகல்னு இல்ல, எப்பவும் அதே நெனப்புதான். அடிச்சுடலாமான்னுகூட சில சமயம் கோவம் வருது."

"அடிண்ணா."

"அடிச்சா மாப்ள வந்துடுவாரா?" பஞ்சை வைத்து அழுத்தினார். "சொல்லணும்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொன்னா அப்பனும் இல்ல, அம்மாவும் இல்லன்னு ஆயிடும் அவனுக்கு. நான் ஒண்டிக்கட்ட, எனக்கு எதுக்கு பலக? பேசாம போட்டுடு."

குழாயில் என் பெயரை எழுதி ஸ்டாண்டில் செருகினார். அந்த ஸ்டாண்டில் முப்பது நாற்பது குழாய்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே, "ஏறுது பாப்பா. எல்லாருக்கும் திரும்ப ஏறுது. சலவைக்கடை அம்மாவுக்கு நேத்து இருநூத்தி அறுபது" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. எனக்காக இல்லை, அவருக்காகவும் இல்லை.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்கச் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை பூராவும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். நாலு வார்த்தைதான். "மாமா கேட்டாருடா. நான்தான் தலையாட்டினேன்." கண்ணாடியிடம் சுலபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். எனக்குக் கால் வலி என்று தைலம் வாங்கி வந்திருந்தான், அவனே தேய்த்தும் விட்டான். சாப்பிட்ட பிறகு சமையலறை மேசையைத் துடைத்து, மனுவை விரித்து வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். எதிரே உட்கார்ந்தான். அவன் அப்பாவைப் போலவே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"படிச்சுப் பாரும்மா. நான் எதுவும் தப்பா எழுதலையே?"

முழுக்கப் படித்தேன். தன் பொறுப்பை மறந்து, என்று ஓரிடத்தில் எழுதியிருந்தான். அந்த வரியைத் திரும்பவும் படித்தேன்.

"மாமா..." என்று ஆரம்பித்தேன்.

"என்னம்மா?" என்றான். அத்தனை பிரியமாகக் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. சரியாத்தான் எழுதியிருக்க."

கையெழுத்துப் போட்டேன். அவன் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் என்னிடம் தள்ளினான்.

"தேதி விட்டுட்டியேம்மா."

வாங்கித் தேதியையும் போட்டேன்.